பஞ்சுவின் முழங்கால்: ஓர் அறுவைச் சிகிச்சையும் கைகொடுக்காத ஒரு காப்பீடும்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் ஒரு கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வீட்டு நாய் பஞ்சுவுக்கு 2024 ஜூன் மாதத்தில் வலது பின்னங்காலின் முழங்கால் சில்லைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சை நடந்தது. முதல் எக்ஸ்ரே தொடங்கிக் கடைசி எக்ஸ்ரே வரை அதற்கு 61,600 ரூபாய் செலவானது. நாய்க்கென்று காப்பீடு எடுத்து வைத்திருந்தும் அதிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை. அவள் இன்று நன்றாக ஓடுகிறாள். அந்த நிறைவு எங்களுக்கு உண்டு. ஆயினும், காப்பீடு ஏன் கைகொடுக்கவில்லை என்பதும், மருத்துவர் சொன்ன தொகைக்கும் கடைசியில் செலவான தொகைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது என்பதும் எனக்கு முன்பே தெரிந்திருந்தால், சில முடிவுகளை வேறு விதமாக எடுத்திருப்பேன். சிறிய இன நாய் வளர்ப்பவர்களுக்கு அவை முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பஞ்சு 2019-இல் கருங்கல் என்ற ஊரில் ஒரு வீட்டில் பிறந்தவள். பொமரேனியன் என்று சொல்லித்தான் தந்தார்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் வளர்பவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தைச் சேர்ந்தவை, அவளும் அப்படித்தான். 2021-இல் ஒருநாள் மாலை முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தவள், திடீரென்று வலது பின்னங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு மூன்று காலால் நாலைந்து எட்டு துள்ளினாள். பிறகு அந்தக் காலைப் பின்னால் நீட்டி ஓர் உதறு உதறிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் ஓடத் தொடங்கினாள். முள் தைத்திருக்கும் என்று பாதத்தைப் பிடித்துப் பார்த்தோம். முள் எதுவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து வெறிநோய்த் தடுப்பூசி போடப் போனபோது, பேச்சோடு பேச்சாக அதை மருத்துவரிடம் சொன்னேன். அவர் காலை நீட்டி மடக்கிப் பார்த்து, "இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, வலது முழங்கால் சில்லு தளர்வாக உள்ளது, கவனிக்கவும் என்ற பொருளில் தடுப்பூசிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரியைத்தான் மூன்று ஆண்டுகள் கழித்துக் காப்பீட்டு நிறுவனம் எனக்கு எடுத்துக்காட்டியது.

இந்தக் குறைபாடு என்ன என்பதை எனக்குப் புரிய வைத்தவர் பின்னாளில் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர். முழங்கால் சில்லை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் முட்டுச் சிரட்டை என்பார்கள். தொடையின் முன்பக்கத் தசையிலிருந்து இறங்கி வரும் நாண், இந்தச் சில்லைத் தன்னுள் வைத்துக்கொண்டு கீழ்க்கால் எலும்பின் மேட்டில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. தொடை எலும்பின் முனையில் உள்ள ஒரு பள்ளத்தில் சில்லு மேலும் கீழும் வழுக்கிச் செல்வதால்தான் கால் மடங்கி நிமிர்கிறது. கிணற்றுக் கப்பியின் தடத்தில் கயிறு ஓடுவதைப் போன்றது இது. கப்பியின் தடம் ஆழமில்லாமல் இருந்தாலோ, கயிறு நேராக இழுபடாமல் சாய்வாக இழுபட்டாலோ, கயிறு தடத்தை விட்டு வெளியே விழுந்துவிடும் அல்லவா? பஞ்சுவுக்கு இரண்டு கோளாறும் இருந்தன. பள்ளம் ஆழமில்லை, நாண் பிடித்திருக்கும் எலும்பு மேடும் உட்பக்கம் திரும்பியிருந்தது. சிறிய இனங்களில் சில்லு பெரும்பாலும் உட்பக்கமாகத்தான் விலகும். அவள் காலை நீட்டி உதறியது, விலகிய சில்லைத் தானே தடத்தில் ஏற்றிக்கொள்வதற்காக.

இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். விரலால் தள்ளினால் சில்லு விலகி, விட்டதும் தானாகத் திரும்பினால் முதல் நிலை. நடக்கும்போது தானாகவே விலகித் தானாகவோ காலை நீட்டும்போதோ திரும்புவது இரண்டாம் நிலை. பெரும்பாலான நேரம் விலகியே இருந்து, கையால் தள்ளினால் மட்டும் தடத்தில் ஏறினால் மூன்றாம் நிலை. கையால் தள்ளினாலும் ஏறாவிட்டால் நான்காம் நிலை. முதல் நிலைக்குப் பொதுவாகக் கத்தி வைப்பதில்லை. இரண்டாம் நிலையில் அடிக்கடி நொண்டினாலோ வலி இருந்தாலோ மட்டும் யோசிப்பார்கள். மூன்றும் நான்கும் வந்தால் அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள். ஆகவே "சில்லு விலகியிருக்கிறது" என்று மருத்துவர் சொன்னால், எந்தக் காலில் எந்த நிலை என்று கேட்டு, அதை எழுத்திலும் வாங்கிக்கொள்வது முக்கியம். நான் 2021-இல் அதைக் கேட்கவில்லை.

மூன்று ஆண்டுகளில் பஞ்சுவின் எடை 8.4 கிலோவாகிவிட்டது. அதற்கு நாங்களே பொறுப்பு. மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் இருக்கும் வீட்டில், அவள் முகத்தைப் பார்த்தபடி ஒருவரும் தனியாகச் சாப்பிட்டதில்லை. 2024 பிப்ரவரிக்குள் அவள் திண்ணையில் ஏறுவதை நிறுத்தியிருந்தாள். வழவழப்பான டைல்ஸ் தரையில் பின்பக்கம் சரிந்து உட்கார்ந்துவிடுவாள். ஏப்ரலில் ஒருநாள் காலையில் வலது பின்னங்காலை ஊன்றவே இல்லை.

நாய்க்கு அறுவைச் சிகிச்சை செய்ய நினைப்பது அக்கம்பக்கத்தினருக்கு வியப்பாக இருந்தது. "மக்கா, நாய்க்கு எதுக்கு ஆப்பரேசன்? ஆசான்கிட்ட கொண்டு போ, எண்ணெய் போட்டுக் கெட்டித் தருவாரு" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். வர்ம வைத்தியத்தில் நம்பிக்கை உள்ள ஊர் இது. எனக்கும் அந்த மரபின் மேல் மரியாதை உண்டு. என் அப்பாவின் தோள்பட்டையை நிமிர்த்தித் தந்தவர் ஓர் ஆசான்தான். அதனால் அவரிடமே கேட்டேன். அவர் பஞ்சுவின் முழங்காலை இரண்டு விரலால் மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எனக்க வேலை இல்லை பிள்ளே. சிரட்டை இருக்க தடமே சரியில்லை. எண்ணெய் போட்டுத் தடத்தை ஆழமாக்க முடியாது. டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். தன் வேலையின் எல்லையை அறிந்து சொன்ன அந்த மனிதருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். இன்னொருவர், நமக்குப் போடும் வலி மாத்திரையில் பாதியைக் கொடுக்கச் சொன்னார். அதை மட்டும் யாரும் செய்துவிட வேண்டாம். டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் கேட்டையும் உண்டாக்கக்கூடியவை. நாய்க்கான வலி மருந்தை எடைக்கேற்ற அளவில் மருத்துவர்தான் தர வேண்டும்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தோம். வலது கால் மூன்றாம் நிலை, இடது கால் முதல் நிலை. இரண்டு காலையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துவிடலாம் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எக்ஸ்ரே படங்களை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அங்கே பார்த்தவர், நொண்டாத, வலி இல்லாத முதல் நிலைக் காலைத் தொட வேண்டிய அவசியம் இல்லை என்றும், வலது காலைத் தள்ளிப்போடாமல் செய்வது நல்லது என்றும், சில்லு விலகிய முழங்காலில் நாளடைவில், மூட்டை உள்ளே இறுக்கிப் பிடித்திருக்கும் சிலுவைத் தசைநாரும் அறுந்துபோக வாய்ப்புண்டு என்றும் விளக்கினார். அந்த ஒரு பயணம் எனக்கு ஓர் அறுவைச் சிகிச்சையின் செலவை மிச்சப்படுத்தியது. அதைவிட முக்கியமாக, பஞ்சுவுக்குத் தேவையற்ற ஒரு வலியைத் தவிர்த்தது. எலும்பு அறுவைச் சிகிச்சைக்கு இரண்டாம் கருத்து கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. மருந்தும் கம்பியும் வாங்கிக் கொடுப்பதுதான் பெரிய செலவாக இருக்கும். வசதி குறைந்தவர்கள் தயங்காமல் முதலில் அங்கேதான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் அங்கே செய்யாததற்குத் தூரம் ஒன்றே காரணம். மார்த்தாண்டத்திலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கு மேல். தையல் போட்ட காலோடு அவளை மறுபடி மறுபடி அழைத்துச் செல்ல முடியாது. களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம் நாற்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். அங்கே எலும்பு அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து செய்துவரும் ஒரு தனியார் மருத்துவரைத் தேர்ந்தெடுத்தோம். அவரிடம் நான் கேட்ட கேள்விகள் இவை: இந்த அறுவைச் சிகிச்சையை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா, மயக்கம் வாயு முறையில் கொடுக்கப்படுமா, அறுவையின்போது இதயத்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் பார்க்கத் தனியாக ஓர் ஆள் இருப்பாரா, சில்லு மறுபடி விலகினால் இரண்டாம் முறைக்கு என்ன கட்டணம். கடைசிக் கேள்விக்கு அவர் சுற்றி வளைக்காமல், "விலகலாம் சாரே, கம்பி இளகலாம், சீழ் பிடிக்கலாம். அப்படி வந்தால் கம்பிக்கும் மருந்துக்கும் மட்டும் தந்தால் போதும்" என்றார். நடக்காது என்று சத்தியம் செய்யாத அந்தப் பதில்தான் எனக்கு நம்பிக்கை தந்தது.

அறுவைக்கு முந்தைய இரத்தப் பரிசோதனையில் நாங்கள் எதிர்பாராத ஒன்று வந்தது. இரத்தத் தட்டணுக்கள் 68,000 மட்டுமே இருந்தன. நாய்க்கு இரண்டு இலட்சத்தை ஒட்டியாவது இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் என்று உறுதியானது. மழையும் பசுமையும் நிறைந்த நம் மாவட்டத்தில் உண்ணி இல்லாத மாதம் என்று ஒன்று இல்லை; காய்ச்சலோ சோர்வோ வெளியே தெரியாமலேயே இந்த நோய் நாயின் உடலில் தங்கியிருக்கக்கூடும். அந்த நிலையில் கத்தி வைத்திருந்தால் இரத்தம் உறையாமல் உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம். 28 நாட்கள் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தோம். மறுபரிசோதனையில் 2,40,000 வந்த பிறகே தேதி குறித்தார்கள். செலவைக் குறைப்பதற்காக இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களிடம் 68,000 என்ற அந்த எண்ணைத்தான் சொல்கிறேன்.

அறுவைச் சிகிச்சை ஒன்றரை மணி நேரம் நடந்தது. தொடை எலும்பின் பள்ளத்திலிருந்து குருத்தெலும்போடு ஒரு துண்டை ஆப்பு வடிவில் எடுத்து, அடியில் இருக்கும் எலும்பைச் செதுக்கி, அதே துண்டைத் திரும்ப வைத்துப் பள்ளத்தை ஆழமாக்கினார்கள். கீழ்க்கால் எலும்பின் மேட்டை வெட்டி வெளிப்பக்கமாக நகர்த்தி, இரண்டு மெல்லிய கம்பிகளால் பொருத்தினார்கள். உட்பக்கம் இறுகியிருந்த சவ்வைத் தளர்த்தி, வெளிப்பக்கம் தளர்ந்திருந்ததை இறுக்கித் தைத்தார்கள். இரண்டு இரவுகள் அங்கே இருந்தாள். மூன்றாம் நாள் காலை என் மகள் கூண்டின் கதவைத் திறந்தபோது, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ரோமம் மழித்த, இளஞ்சிவப்பான அந்த ஒல்லிக் காலும், அதன் மேல் வரிசையாகப் பதினொரு தையல்களும் தெரிந்தன. பஞ்சு எழுந்திருக்கவில்லை, வாலை மட்டும் தரையில் இருமுறை தட்டினாள்.

அடுத்த எட்டு வாரங்கள்தான் சிகிச்சையின் பெரும்பகுதி என்று நான் சொல்வேன். வெட்டிப் பொருத்திய எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். அதற்குள் ஒரு தடவை திண்ணையிலிருந்து குதித்தாலும் கம்பி விலகிவிடக்கூடும். ஊர்த் தச்சரிடம் சொல்லி, நான்கடிக்கு மூன்றடி அளவில் மேலே திறந்த மரச்சட்டம் ஒன்று செய்து வாங்கினோம். டைல்ஸ் தரை முழுவதும் கயிற்றுப் பாயையும், அவள் நடக்கும் வழியில் ரப்பர் விரிப்பையும் போட்டோம். ஜூன் மாதம் என்பதால் மழை விடவே இல்லை. தையல் நனையக்கூடாது, அவளோ வெளியே மண்ணில்தான் சிறுநீர் கழிப்பாள். பழைய துவர்த்து (துண்டு) ஒன்றை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரு முனைகளையும் மேலே பிடித்து இடுப்பின் பாரத்தை நாங்கள் தாங்கிக்கொள்ள, என் மனைவி குடை பிடிக்க, ஒரு நாளைக்கு ஐந்து தடவை வீட்டு மாட்டுத் தொழுவத்தின் ஓரத்துக்குக் கொண்டு போனோம். கழுத்துக் கூம்பை அவள் வெறுத்தாள். பாவம் என்று நான்காம் நாள் அரை மணி நேரம் கழற்றிவிட்டேன். அதற்குள் ஒரு தையலை நக்கிப் பிரித்துவிட்டாள். மறுபடி திருவனந்தபுரம், மறுபடி ஒரு தையல், ஐந்து நாள் கூடுதலாக மாத்திரை. தையல் பிரிக்கும் நாள் வரை கூம்பை எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது.

ஒன்பதாம் நாள் காலை தொழுவத்தின் ஓரத்தில் அவள் குனிந்தபோது, வலது பாதத்தின் நுனி விரல்கள் ஈர மண்ணைத் தொட்டன. என் மனைவி, "இஞ்ச பாருங்க, காலு ஊணுது" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். மண்ணில் நான்கு சிறிய விரல் தடங்கள், பொட்டு வைத்ததுபோல் பதிந்திருந்தன. மழை அதை அழிக்கும் வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

மருத்துவர் சொல்லித் தந்தபடி, இரண்டாம் வாரத்திலிருந்து நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்துத் தடவை, அவளைப் பக்கவாட்டில் படுக்க வைத்து முழங்காலை வலிக்காத அளவுக்கு மடக்கி நீட்டினோம். பயிற்சிக்கு முன் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுத்தோம். நான்காம் வாரத்தில் கயிறு கட்டி ஐந்து நிமிட நடை. வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினோம். எட்டாம் வாரத்தில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு கூடியதைப் பார்த்த பிறகுதான் முற்றத்தில் விட்டோம். அதற்கும் பின்னால், வீட்டுக்குப் பின்புறம் ஓடும் சானலில் (பாசனக் கால்வாயில்) நெஞ்சளவு நீரில் நடக்க விட்டோம். எலிக்காய்ச்சல் தடுப்பூசி முறையாகப் போட்டிருந்ததால்தான் மருத்துவர் அதற்கு ஒப்புக்கொண்டார். உணவை அளந்து வைத்து, கிழங்கை முற்றிலும் நிறுத்தி, ஐந்து மாதத்தில் எடையை 6.9 கிலோவுக்குக் கொண்டு வந்தோம். இடது கால் இன்றும் முதல் நிலையிலேயே நிற்பதற்கு இந்த எடைக் குறைவும் உதவியிருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார்.

இனி கணக்கு. அறுவைச் சிகிச்சைக்கு என்று மருத்துவமனை சொன்ன தொகை 34,000 ரூபாய். மயக்க மருந்தும் கம்பியும் அதில் அடக்கம். அந்தத் தொகையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு நகைச் சீட்டுப் பணத்தை எடுத்தேன். மற்றவை சிறிது சிறிதாக வந்தன. முதல் எக்ஸ்ரேக்கும் ஆலோசனைக்கும் 1,900. இரத்தப் பரிசோதனைகளுக்கு 2,850. உண்ணிக் காய்ச்சல் மாத்திரைக்கு 640. இரண்டு இரவு தங்கலுக்கு 2,400. அறுவைக்குப் பிந்தைய மருந்துகளுக்கு 3,150. எட்டாம் வார எக்ஸ்ரேக்கும் பார்வைக்கும் 1,600. வாடகைக் காரில் ஆறு பயணங்களுக்கு 10,800. மரச்சட்டம், விரிப்புகள், கூம்பு ஆகியவற்றுக்கு 4,260. இவை சேர்ந்து 27,600 ரூபாய். அறுவைக் கட்டணம் நூறு என்றால் அதனோடு இன்னொரு எண்பது வரும் என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது என்பதே என் அனுபவம். இது ஒரு காலுக்கு, ஒரு மருத்துவமனையில், 2024-இல் ஆன கணக்கு. நகரத்துக்கு நகரம் இது மாறும். ஆனால் "இந்தத் தொகையில் என்னென்ன அடங்காது?" என்ற கேள்வி எந்த ஊரிலும் கேட்கத்தக்கது.

காப்பீட்டுக்கு வருகிறேன். நாய்க்கான காப்பீடு நம் நாட்டுக்குப் புதிதன்று. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் நெடுநாளாகவே அதை வைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பழைய வகைப் பாலிசியின் அடிப்படை, விபத்தாலோ நோயாலோ நாய் இறந்தால் இழப்பீடு தருவது. அறுவைச் சிகிச்சைக்கும் மருத்துவமனைச் செலவுக்கும் பணம் தரும் வகை அண்மை ஆண்டுகளில்தான் தனியார் நிறுவனங்கள் வழியாகப் பரவியது. நாய்க் காப்பீடு என்று ஒரே பெயரில் விற்கப்படும் இவை இரண்டும் முற்றிலும் வேறானவை. நான் 2023 அக்டோபரில் எடுத்தது இரண்டாம் வகை. விற்ற முகவர், "எல்லாம் கவர் ஆகும் சார், ஆப்பரேசன் வரைக்கும்" என்றார். முன்மொழிவுப் படிவத்தில் ஏற்கெனவே நோய் உண்டா என்ற இடத்தில் அவரே "இல்லை" என்று நிரப்பினார். நான் கையெழுத்திட்டேன். 2021-இல் எழுதப்பட்ட அந்த வரி எனக்கு நினைவிலேயே இல்லை.

2024 ஜூலையில் எல்லா ரசீதுகளையும் அனுப்பினேன். தடுப்பூசிப் புத்தகத்தின் நகலும் வேண்டும் என்று கேட்டார்கள், அனுப்பினேன். ஆகஸ்டில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதில் இரண்டு காரணங்கள் இருந்தன. பாலிசிக்கு முன்பே இருந்த குறைபாடு என்பது ஒன்று. பிறவி அல்லது பரம்பரைக் குறைபாடு விலக்கப்பட்டுள்ளது என்பது இன்னொன்று. பாலிசி ஆவணத்தை அன்றுதான் முழுமையாகப் படித்தேன். இரண்டு விலக்குகளும் அதில் தெளிவாகவே இருந்தன. அதாவது, அந்த வரி எழுதப்படாமலே இருந்திருந்தாலும் இரண்டாம் காரணத்தால் எனக்குப் பணம் வந்திருக்காது. சிறிய இன நாய்களுக்கு அடிக்கடி வரக்கூடிய, செலவு மிகுந்த எலும்புச் சிக்கல் எதுவோ, அதையே விலக்கி வைத்திருக்கும் ஒரு பாலிசியை, ஸ்பிட்ஸ் இனம் என்று படிவத்தில் எழுதிக்கொண்டே என்னிடம் விற்றார்கள் என்பதில் எனக்கு இன்றும் மனக்குறை உண்டு.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினேன், பதில் மாறவில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்தில் புகார் பதிவு செய்தேன். 155255 என்ற எண்ணில் அழைத்தும் பதிவு செய்யலாம். நிறுவனம் அதே விதியை எடுத்துக்காட்டியது. அதற்கு மேல், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் காத்திருந்திருக்க வேண்டும், இறுதிப் பதில் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது, விலக்கு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது என்பதால் நான் அங்கே போகவில்லை. விதி தெளிவில்லாமல் இருந்தோ, நோய் உண்மையிலேயே பாலிசிக்குப் பிறகு வந்திருந்தோ நிராகரிக்கப்பட்டால், கட்டாயம் போக வேண்டும்.

இதே மாவட்டத்தில் காப்பீடு கைகொடுத்த ஒரு கதையும் என் குடும்பத்திலேயே உண்டு. குளச்சலில் இருக்கும் என் தங்கையின் நாய், கடற்கரையில் கிடந்த மீன் தலையோடு தூண்டில் முள்ளையும் சேர்த்து விழுங்கிவிட்டது. வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். அவள் நாய்க்கு ஐந்து மாதம் ஆனபோதே பாலிசி எடுத்திருந்தாள். பாலிசி தொடங்கியதும் பணம் கோர முடியாத காத்திருப்புக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. மருத்துவமனையில் சேர்த்த அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொன்னாள். கோரிக்கைப் படிவம், மருத்துவரின் கால்நடை மருத்துவ மன்றப் பதிவு எண் உள்ள சான்று, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் குறிப்பு, தேதியும் நாயின் பெயரும் உள்ள ரசீதுகள், தடுப்பூசிப் புத்தகம், நாயின் புகைப்படங்கள், தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பின் எண் ஆகியவற்றை அனுப்பினாள். தன் பங்காக அவள் ஏற்க வேண்டிய விழுக்காட்டைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். விபத்துக்கும் திடீர் நோய்க்கும் இந்தப் பாலிசிகள் பயன்படுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால், பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதி எழுத்திலேயே பதில் வாங்கச் சொல்கிறேன். முழங்கால் சில்லு விலகலுக்கு அறுவைச் சிகிச்சை ஏற்கப்படுமா, பரம்பரைக் குறைபாடு விலக்கப்படுகிறதா, காத்திருப்புக் காலம் எத்தனை நாள், ஓர் அறுவைக்கு உச்சவரம்பு உண்டா, என் பங்கு எவ்வளவு, எத்தனை வயது வரை புதுப்பிக்கலாம், ஒரு காலில் குறை இருந்தால் மறு காலும் விலக்கப்படுமா. கடைசிக் கேள்வி எனக்கு என் மச்சான் வழியாகத் தெரிய வந்தது. அவர் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே பரம்பரைக் குறைபாட்டை ஏற்கும் பாலிசிகள் உண்டு. ஆனால் ஒரு முழங்காலில் ஏற்கெனவே கோளாறு பதிவாகியிருந்தால், மறு முழங்காலையும் சேர்த்து விலக்கும் விதி பலவற்றில் இருக்கிறது. சில்லு விலகல் பல நாய்களுக்கு இரண்டு கால்களிலும் வருவதால் அந்த விதி பெரிய தொகையைப் பறித்துவிடும்.

நிறுவனம் ஏற்காது என்று பதில் வந்தால், பிரீமியம் கட்டும் அதே தொகையை அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதந்தோறும் போட்டு வருவது மேல். நான் பஞ்சுவின் இடது காலுக்காக 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 800 ரூபாய் போட்டு வருகிறேன். மருத்துவரிடம் குறையை மறைத்து, புத்தகத்தில் எழுத விடாமல் செய்து பாலிசி வாங்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அது பொய், அதோடு, குறையைப் பதிவு செய்யாத புத்தகம் அடுத்து வரும் மருத்துவரையும் தவறான வழியில் நடத்தும். அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பஞ்சுவைக் குட்டி போட விடச் சொல்லி இரண்டு வீட்டார் கேட்டார்கள்; வெள்ளை வெளேர் என்று இருப்பாள், கேட்பதில் வியப்பில்லை. பரம்பரையாகப் போகும் குறை என்று விளக்கி மறுத்துவிட்டு, கால் ஆறி ஐந்து மாதம் ஆன பிறகு கருத்தடை செய்துவிட்டோம். அவள் பிறந்த கருங்கல் வீட்டுக்கும் போய், தாய் நாய்க்கும் முழங்காலைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள், அதற்கும் இரண்டாம் நிலை இருந்தது. அதன் பிறகு அங்கே குட்டி எடுப்பதை நிறுத்தியிருக்கிறார்கள்.

சென்ற மாதம் என் தங்கை இன்னொரு குட்டியைக் கொண்டு வந்தாள். மூன்று மாதம் நிறைந்த பக் இனக் குட்டி. நானும் கூடப் போனேன். மருத்துவர் குட்டியை நிற்க வைத்து, இரண்டு முழங்கால்களையும் மாற்றி மாற்றி மடக்கி, கட்டை விரலால் சில்லை உள்ளும் வெளியும் தள்ளிப் பார்த்தார். இரண்டும் அசையவில்லை. நான் கேட்டுக்கொண்டதன் பேரில், இரு முழங்கால் சில்லுகளும் இயல்பாக உள்ளன என்று தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதி, தேதியிட்டு, முத்திரை வைத்துத் தந்தார். அந்தப் பக்கத்தின் நகலோடுதான் தங்கை அந்த வாரமே காப்பீட்டுக்கு விண்ணப்பித்தாள்.